மஞ்சள் கேப்சூல் மூச்சுத் திணறலுக்கு உதவுமா?

மஞ்சளைப் பற்றிக் கேட்டு வந்தவற்றில் அடிக்கடி வந்த கேள்விகளுக்கு இங்கே பதில் சொல்கிறேன்.

அப்பாவுக்கு 68 வயது, சி.ஓ.பி.டி. (மூச்சுக்குழாய் நாள்பட அடைபடும் நுரையீரல் நோய்) இருக்கிறது. மஞ்சளிலுள்ள குர்குமின் என்ற பொருளின் கேப்சூல் நுரையீரல் அழற்சியைக் குறைக்கும் என்கிறார்கள். அதைக் கொடுத்துவிட்டு இன்ஹேலரை நிறுத்தலாமா?

நிறுத்தவே கூடாது. குர்குமின் அழற்சியை அடக்குவது பெரும்பாலும் ஆய்வகத்தில், செல்களிலும் எலிகளிலும் பார்த்த விஷயம். நோயாளிகளிடம் நடந்தவை சின்னச் சின்ன ஆய்வுகள்தான். 2014இல் வெளியான ஓர் இந்திய ஆய்வில், ஆஸ்துமா உள்ளவர்களுக்குத் தினம் இருவேளை 500 மி.கி. வீதம் 30 நாள் கொடுத்தார்கள். ஊதிப் பார்க்கும் சோதனையில் முன்னேற்றம் தெரிந்தது. இருமல், இரைப்பில் சொல்லும்படி மாற்றமில்லை. அதுவும் வழக்கமான மருந்தோடு சேர்த்துக் கொடுத்தது. அப்பா இன்னும் பீடி, சிகரெட் பிடிக்கிறாரா? அப்படியானால் முதலில் அதை நிறுத்தச் சொல்லுங்கள்.

தினமும் மிளகு தட்டிப் போட்டு மஞ்சள் பால் குடிக்கிறேன். கேப்சூலும் வேண்டுமா?

பால் குடியுங்கள், தடையில்லை. மஞ்சள்தூளில் குர்குமின் சுமார் 3 சதவீதம்தான். அதிலும் பெரும்பகுதி உடம்பில் சேராமல் வெளியேறிவிடும். 1998இல் பெங்களூரு செயின்ட் ஜான்ஸ் மருத்துவக் கல்லூரியினர், 2 கிராம் குர்குமினோடு மிளகிலுள்ள பைப்பரின் 20 மி.கி. சேர்த்தால் ரத்தத்தில் சேரும் அளவு 20 மடங்காவதைக் கண்டார்கள். அதன்பின் பல கம்பெனிகள் கேப்சூலில் பைப்பரினையும் சேர்த்துவிட்டன.

எனக்குக் கவலை தருவது இந்தச் சேர்க்கைதான். கல்லீரல் மருந்துகளைச் சிதைக்கும் வேகத்தைப் பைப்பரின் குறைக்கும். இரைப்புக்குத் தியோஃபிலின் மாத்திரை சாப்பிடுபவருக்கு அந்த மருந்து ரத்தத்தில் கூடும். அளவு மீறினால் படபடப்பு, வாந்தி, வலிப்பு வரை போகலாம். நுரையீரல் தழும்பு நோய்க்கு நின்டெடானிப் சாப்பிடுபவர்களும் உஷாராக இருக்க வேண்டும். அந்த மருந்துக்கே ரத்தக்கசிவும் கல்லீரல் பாதிப்பும் பக்கவிளைவுகள். ரசத்து மிளகுக்கு இந்தப் பயமெல்லாம் வேண்டாம்.

கேப்சூல் இயற்கைப் பொருள்தானே, யாருக்கு ஆகாது?

வார்ஃபரின், குளோபிடோக்ரெல் போன்ற ரத்தம் உறையாமலிருக்கும் மாத்திரை சாப்பிடுபவர்கள், பித்தப்பைக் கல், கல்லீரல் நோய் உள்ளவர்கள் தவிர்ப்பது நல்லது. மஞ்சள் கேப்சூலால் கல்லீரல் கெட்டவர்களைப் பற்றிய மருத்துவப் பதிவுகள் இருக்கின்றன. சாப்பிடும்போது சிறுநீர் அடர்நிறமானாலோ, உடம்பு அரித்தாலோ, கண் மஞ்சளித்தாலோ உடனே நிறுத்தி மருத்துவரைப் பாருங்கள். டாக்டரிடம் மாத்திரைப் பட்டியல் சொல்லும்போது இதையும் சேர்த்துச் சொல்லுங்கள். "அது மருந்தில்லையே" என்று பலர் விட்டுவிடுகிறார்கள்.

சளி பிடித்தால் மாமியார் விரலி மஞ்சளைச் சுட்டு, புகையை மூக்கில் இழுக்கச் சொல்கிறார். எனக்கு ஆஸ்துமா. செய்யலாமா?

வேண்டாம். மூக்கடைப்பு கொஞ்ச நேரம் விட்டதுபோல் இருக்கலாம். ஆனால் எதை எரித்தாலும் வருவது நுண்துகளும் எரிச்சலூட்டும் வாயுக்களும்தான். மஞ்சள் என்பதால் அந்தப் புகை மருந்தாகிவிடாது. ஆஸ்துமா உள்ளவருக்குச் சுவாசக்குழாய் ஏற்கெனவே சிலிர்த்துச் சுருங்கத் தயாராக இருக்கும், இந்தப் புகையே வீசிங்கைக் கிளப்பிவிடும். விறகடுப்பில் வருடக்கணக்கில் சமைத்த பெண்களுக்கு, பீடியைத் தொடாமலே சி.ஓ.பி.டி. வருகிறதே, அதற்கும் புகைதான் காரணம். மாமியார் மனம் கோணாமலிருக்க, அவர் கையாலேயே மஞ்சள் பால் வாங்கிக் குடியுங்கள். மூக்குக்கு உப்புநீர் சொட்டு போதும்.

டி.பி. மாத்திரை ஓடிக்கொண்டிருக்கிறது. கேப்சூலைச் சேர்க்கலாமா?

கோர்ஸ் முடியட்டும். அந்த மாத்திரைகளில் சில, தாங்களே கல்லீரலைப் பாதிக்கக்கூடியவை. நடுவில் மஞ்சள் காமாலை வந்தால், காரணம் எது என்று தெரியாமல் டி.பி. மருந்தையும் நிறுத்திவைக்க வேண்டி வரும். குழம்பில் போடும் மஞ்சளைக் குறைக்க வேண்டியதில்லை.