கூன்முதுகுத் திமிங்கிலம் பாடுவதும் பறவை பாடுவதும் ஒன்றுதானா?

ஜீப்ரா ஃபிஞ்ச் என்ற சிறு பறவையை எடுத்துக்கொண்டு ஒப்பிடுகிறேன். இரண்டிலும் பாடுவது ஆண்தான், இரண்டும் கேட்டே கற்கின்றன. கற்பது எப்போது நிற்கிறது என்று பார்த்தால்தான் வேறுபாடு புரியும்.

ஃபிஞ்ச் குஞ்சு ஏறத்தாழ 25 நாள் வயதிலிருந்து தந்தையின் பாட்டை மனதில் பதிக்கிறது. 35ஆம் நாள் வாக்கில் குழறத் தொடங்கி, தன் குரலைத் தானே கேட்டுத் திருத்திக்கொண்டே வந்து, 90 நாளில் ஒரே பாட்டில் நிலைத்துவிடும். ஆயுள் முழுக்க அதுதான். அந்தப் பருவத்தில் எந்த ஆணின் பாட்டும் காதில் விழாவிட்டால் பாட்டு கோணலாக அமையும். (எல்லாப் பறவையும் இப்படி அல்ல, கேனரி ஆண்டுதோறும் பாட்டை மாற்றிக்கொள்ளும்.)

திமிங்கிலமோ வளர்ந்த பிறகும் கற்கிறது. ஒலித்துணுக்குகள் சேர்ந்து ஓர் அடி, அதே அடி பலமுறை திரும்பினால் ஒரு சரணம், சரணங்கள் வரிசையாக வந்தால் பாட்டு. ஒரு பாட்டு பெரும்பாலும் 10 முதல் 20 நிமிடம். முடிந்ததும் முதலிலிருந்து தொடங்கி மணிக்கணக்கில் நீளும். ஒரு கூட்டத்தின் ஆண்கள் எல்லாம் ஒரே பாட்டைப் பாடும், அது மாறினால் எல்லாம் சேர்ந்தே மாறும். 1996இல் ஆஸ்திரேலியக் கிழக்குக் கரையில் பதிவான 82 பாடகர்களில் இரண்டு மட்டும் மேற்குக் கரைப் பாட்டைப் பாடின. 1998க்குள் பழைய பாட்டே அங்கு இல்லை! வளர்ந்த விலங்குகளிடையே இவ்வளவு வேகமாக ஒரு பாட்டு பரவியது எனக்கு இன்றும் வியப்புதான்.

ஒலி பிறக்கும் இடமும் வேறு. பறவைக்கு மூச்சுக்குழல் இரண்டாகப் பிரியும் இடத்தில் சிரிங்ஸ் என்ற ஒலியுறுப்பு இருக்கிறது. வலமும் இடமும் தனித்தனியே ஒலிக்கும், அசைகளுக்கு நடுவே குட்டி மூச்சு இழுத்துக்கொள்ளும். நீருக்கடியில் மூச்சு இழுக்க வழியில்லாத திமிங்கிலம், குரல்வளை வழியே தள்ளிய காற்றைக் குரல்வளைப் பையில் சேர்த்துத் திரும்பப் பயன்படுத்துகிறது.

நீங்களே ஒப்பிட்டுக் கேட்க: ஆடாசிட்டி என்ற ஒலித்தொகுப்பு மென்பொருளில் திமிங்கிலப் பதிவின் வேகத்தை 10 மடங்கு ஆக்குங்கள். சுருதி மாறாமல் வேகத்தை மட்டும் கூட்டும் வசதியைத் தேர்ந்தால் ஒப்பீடு கெடும். சுருதியும் சேர்ந்து ஏறினால்தான் 300 ஹெர்ட்ஸ் ஒலி 3000 ஆகிப் பறவையின் எல்லைக்குள் வரும். ஸ்பெக்ட்ரோகிராமில் (நேரத்தோடு சுருதி மாறுவதைக் காட்டும் படம்) பறவைக்கு 512, வேகம் கூட்டாத திமிங்கிலப் பதிவுக்கு 4096 என்ற சாளர அளவு (ஒரு தடவையில் அலசப்படும் ஒலி மாதிரிகளின் எண்ணிக்கை) பொருந்தும். மாற்றிப் போட்டால் பறவையின் அசைகள் ஒன்றோடொன்று கலங்கிவிடும், திமிங்கிலத்தின் தாழ்ந்த ஒலிகள் தடித்த பட்டையாகிவிடும். திமிங்கிலத்தின் மூலப் பதிவைக் கேட்க ஹெட்போன் வேண்டும். கைபேசி ஒலிபெருக்கியில் அடிக்குரல் பெரும்பாலும் கேட்காது.