பொம்பளைப் பிள்ளை இப்படியா தின்னும்?

கேள்வி: எனக்குப் பாம்பன். அம்மா நண்டுச் சதை எடுக்கும் கம்பெனிக்கு வேலைக்குப் போகிறார். போனை மீன் பெட்டி மேல் சாய்த்து வைத்து, தலைவிரி கோலமாக, வாயெல்லாம் மசாலாவோடு நண்டைக் கடித்துத் தின்பதை நானே படமெடுத்தேன். மூன்று படங்கள் அனுப்பியிருக்கிறேன். சித்தி பார்த்துவிட்டு, ‘பொம்பளைப் பிள்ளை இப்படியா தின்னும், பேய் மாதிரி!’ என்கிறார். இது கலையா, கிறுக்கா? (ஒரு வாசகி)

பதில்: சித்தியைக் கும்பிட்டுக்கொள், தாயி. உன் படத்துக்குச் சரியான விமர்சனம் அவர் சொன்னதுதான்.

வற்றிய மார்பு, குழிந்த வயிறு, நீண்ட பல் என்று ஒரு பெண்பேயைப் பாடிய காரைக்கால் அம்மையார், தன்னையே ‘காரைக்காற்பேய்’ என்று சொல்லிக்கொண்டவர். பெரியபுராணத்தில் அவர் கதையைப் பார். கணவன் அனுப்பிய இரண்டு மாம்பழத்தில் ஒன்று அடியாருக்கு, ஒன்று கணவனுக்கு. அதிசயமாக வந்த பழமும் கணவன் இலைக்கே போகிறது. புனிதவதி (அம்மையாரின் இயற்பெயர்) ஒரு துண்டு வாயில் வைத்ததாகச் சேக்கிழார் சொல்லவில்லை. அந்தக் குழிந்த வயிற்றை நான் இங்கிருந்துதான் படிப்பேன். புலவர்கள் கோபித்துக்கொண்டால் கோபித்துக்கொள்ளட்டும்.

மெக்ஸிகோவின் ஃப்ரீடா காலோ 1945-இல் தன்னை வரைந்த ஒரு படத்தில் படுக்கையில் கிடக்கிறார். வாயில் பெரிய புனல்; அதில் மீன், இறைச்சி, மண்டையோடு என்று குவிந்திருக்கிறது. உடம்பு தேற வேண்டுமென்று அவருக்கு வலுக்கட்டாயமாக ஊட்டிய காலம் அது. அமெரிக்காவின் சிண்டி ஷெர்மன் 1987-இல் எடுத்த ஒரு படத்தில் கடற்கரைத் துண்டு, மிச்சத் தின்பண்டம், வாந்தி. அவர் முகம் கீழே கிடக்கும் கூலிங் கிளாஸில் மட்டும் தெரியும்.

நம் பக்கம் குழம்பில் நடுத்துண்டு ஆம்பிளைக்கு, சட்டியை வழிப்பது பொம்பளை. உன் அம்மா நாள் முழுக்க உதிர்க்கும் சதை டப்பாவில் அடைபட்டு வெளிநாடு போகிறது. அதே நண்டை அவர் மகள் ஓட்டோடு கடிக்கிறாள். சித்திக்குக் கூச்சம் வராமல் எப்படி இருக்கும்?

மூன்றாவது படத்தைக் கிழித்துப் போடு. ரத்தம் மாதிரி சிவப்புச் சாயம் வழியவிட்டிருக்கிறாய், சினிமா போஸ்டராகிவிட்டது. முதல் படம் சுமார். இரண்டாவதுதான் படம். உதட்டோரம் கொடுக்குத் துணுக்கு, விரலில் அழுக்குப் பிளாஸ்திரி, கண் கேமராவை மறந்து நண்டு மேலேயே இருக்கிறது. இன்னும் எடு. நிஜமாகவே பசிக்கும்போது எடு.

கேள்வி: ஆண்கள் இப்படித் தங்களையே அப்பட்டமாகக் காட்டியதுண்டா? (தொண்டி வாசகர்)

பதில்: பசியோடு தின்கிற ஆணைப் பார்த்து யார் பதறப்போகிறார்கள்? அவர்களுக்குத் தடை வேறு இடத்தில். பரோடாவில் வாழ்ந்த பூபேன் கக்கர் 1981-இல் வரைந்த ஓவியத்தில், மாடியில் அம்மணமாக ஒருவர் முதுகைக் காட்டி நின்று தெருவைப் பார்க்கிறார். ஆணை விரும்பும் ஆண் நான் என்று ஓவியர் வெளிப்படையாகச் சொன்ன படமாக அதைக் கருதுகிறார்கள். கீழே தெருவில் நடப்பது நம் பள்ளிக்கூடப் புத்தகத்து அப்பன், மகன், கழுதை கதை.