கரும்புக்கு முன்னால் என்ன இருந்தது?

கேள்வி: ஆசிரியர் ஐயா, என் பேரன் ‘அவதார்’ படத்தை நாலாவது தடவையாகப் பார்த்துவிட்டு, “பாட்டி, பண்டோராவில் காடே மின்னுது. நம்ம மொரிஷியஸில் கரும்பைத் தவிர என்ன இருக்கு?” என்கிறான். கம்ப்யூட்டரில் செய்த காட்டுக்குப் பிள்ளைகள் இப்படி மயங்கலாமா?
- ஒரு வாசகி, ரோஸ் ஹில்

பதில்: தாராளமாக மயங்கலாம் அம்மா. பிள்ளை நல்ல கேள்வி கேட்டிருக்கிறான். அதற்குப் பதில் சொல்லாமல் படத்தின் மேல் பழி போடுகிறீர்களே, அதுதான் எனக்கு வருத்தம்.

2009-ல் வந்த அந்தப் படத்தின் கதை பழசு. வெளியிலிருந்து வந்த ஒரு சிப்பாய், பண்டோரா என்ற அந்தக் கற்பனை உலகின் பூர்வகுடிகளான நாவி மக்களுக்கே சில மாதங்களில் தலைவனாகிவிடுவதை என்னால் ஏற்கவே முடியவில்லை. ஆனால் அந்தக் காடு! கதாநாயகன் ஆளுயரச் சுருள் செடி ஒன்றைத் தொடுவான். சட்டென்று சுருங்கி உள்ளே போய்விடும். இது வெறும் கற்பனை என்றா நினைக்கிறீர்கள்? இந்தியப் பெருங்கடலின் பவளப்பாறைகளில் விரல் நுனி அளவில், சுருள் சுருளாக ஒரு புழு இருக்கிறது. நிழல் பட்டால் போதும், குழாய்க்குள் ஒளிந்துகொள்ளும். படத்தை எடுத்த ஜேம்ஸ் கேமரூன் பல ஆண்டுகள் கடலுக்குள் இறங்கிப் பார்த்தவர். 2012-ல் மரியானா அகழியின் அடிவரை தன்னந்தனியாகப் போய் வந்தார். கம்ப்யூட்டர் வரைந்தது சரி, கண் பார்த்தது பூமியைத்தான்.

இப்போது பேரனுக்கு வருவோம். பூக்களின் தேன் பெரும்பாலும் நிறமில்லாமல்தான் இருக்கும். நம் தீவில் சில பூக்களில் மட்டும் அது ரத்தம் போலச் சிவந்திருக்கும். அந்தச் சிவப்பைப் பார்த்துப் பச்சைப் பல்லி வரும். பூவுக்குள் தலையை விட்டு நக்கும். மூக்கில் மகரந்தம் ஒட்டிக்கொண்டு அடுத்த பூவுக்குப் போகும். அப்படிச் சிவந்த தேன் உள்ள ஒரு பூதான் 1992-ல் நம் தேசிய மலரானது. காட்டுச் செடியாக அது லெ மோர்ன் மலையில் மட்டும்தான் வளர்கிறது. பண்டோராவில் இதைக் காட்டியிருந்தால் பையன் ஐந்தாவது தடவையும் போயிருப்பான்.

கரும்புக்கு முன்னால் இங்கே கருங்காலிக் காடு இருந்தது. 1638-ல் குடியேறிய டச்சுக்காரர்கள் அதை வெட்டிக் கப்பலேற்றினார்கள். அந்த நூற்றாண்டு முடிவதற்குள் டோடோ பறவையும் போய்விட்டது. மீதியைக் கரும்பு தின்றது. வயல் நடுவே குவிந்திருக்கும் கற்களைப் பையனுக்குக் காட்டுங்கள். கரும்பு நட நிலத்தைத் திருத்தியபோது அவற்றைப் பொறுக்கிக் குவித்ததில் நம் பாட்டன்மார் கையும் உண்டு. அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வராது. ஒப்பந்தக் கூலியாக வந்தவர்களிடம் யார் யோசனை கேட்டார்கள்? இன்று நல்ல நிலையில் எஞ்சியிருக்கும் பழைய காடு தீவின் பரப்பில் 2 சதவீதம்கூட இல்லை.

அப்புறம், ஒரு சனிக்கிழமை அவனை லெ பெத்ரேன் வழியாகப் பிளாக் ரிவர் கோர்ஜஸ் காட்டுக்குக் கூட்டிப் போங்கள். அண்ணாந்து பார்க்கச் சொல்லுங்கள். 1974-ல் காட்டில் நாலே நாலுதான் என்ற நிலைக்கு வந்துவிட்ட மொரிஷியஸ் வல்லூறு இப்போது அங்கே பறக்கிறது. கூண்டில் குஞ்சு பொரிக்கவைத்து, வளர்த்து, மறுபடி காட்டில் விட்டுக் காப்பாற்றினார்கள்.

வழியெல்லாம் சிவப்புச் சிவப்பாகச் சீனக் கொய்யா காய்த்துக் கிடக்கும். வருஷாவருஷம் குடும்பத்தோடு பறித்து, உப்பும் மிளகாயும் போட்டுத் தின்கிறோமே, அதேதான். பிரேசிலிலிருந்து வந்த செடி அது. இங்கே புதர் மண்டி, பழைய மரங்களின் கன்று ஒன்றைக்கூடத் தலைதூக்க விடுவதில்லை. படத்தில் காட்டை அழிக்க புல்டோசர் வந்தது. இங்கே இதுவும் அந்த வேலையைத்தான் செய்கிறது என்று, பழத்தை அவன் கையில் கொடுக்கும்போதே சொல்லிக் கொடுங்கள்.