திண்ணையில் தொடங்கட்டும்

கேள்வி: அப்பாவுக்கு வயது 64, மன்னார்குடி பக்கம் விவசாயம். போன வருஷம் மாரடைப்பு வந்தது. இப்போது ‘ஹார்ட் ஃபெயிலியர்’ என்கிறார்கள். எக்கோவில் (இதய ஸ்கேன்) 35 சதவீதம். மாத்திரையில் மூச்சிரைப்பு அடங்கியிருக்கிறது. வீட்டிலேயே உடற்பயிற்சி செய்யச் சொல்கிறார் டாக்டர். அம்மாவோ ஒரு செம்பு தண்ணீர்கூட எடுக்க விடுவதில்லை. யார் பேச்சைக் கேட்பது?
– ஒரு மகள், திருவாரூர் மாவட்டம்

பதில்: டாக்டர் பேச்சைத்தான். அம்மாவைக் குறை சொல்ல மாட்டேன். ‘இதயச் செயலிழப்பு’ என்ற பெயரே பாதி உயிரை வாங்கிவிடும். இதயம் நின்றுவிடவில்லை, இறைக்கும் பலம் குறைந்திருக்கிறது. அந்த 35 என்பது நூற்றுக்கு வாங்கிய மார்க் அல்ல. நல்ல இதயமே ஒரு துடிப்புக்கு, தன்னுள் நிரம்பிய ரத்தத்தில் 55 முதல் 70 சதவீதம்தான் வெளியே தள்ளும்.

ஆற்றில் தண்ணீர் குறைந்த வருஷம் வாய்க்காலைத் தூர்வாருகிறோமே, உடற்பயிற்சி அந்த வேலையைத்தான் செய்கிறது. படுத்தே கிடந்தால் தொடைச் சதை கரையும். அப்புறம் கொல்லைப்புறம் போய் வரவே மூச்சு வாங்கும். பழி இதயத்தின் மேல் விழும். உங்கள் அப்பாவைப் போல 35 சதவீதமும் அதற்குக் கீழும் இருந்த 2,331 பேரை வைத்து நடந்த ஒரு ஆய்வு 2009-ல் வெளியானது. கண்காணிப்பில் தொடங்கி வீட்டில் தொடர்ந்த பயிற்சி பாதுகாப்பானது என்று அதில் தெரிந்தது. ஆயுளை அள்ளிக் கொடுக்கவில்லை; தெம்பு கூடியது.

சுவரை ஒட்டி நாற்காலி போடுங்கள். உட்கார்ந்தபடி ஐந்து நிமிஷம் கால்களை மாற்றி மாற்றித் தூக்கட்டும். பிறகு மெதுவாக எழுந்து உட்காரட்டும், முதலில் ஐந்து தடவை போதும். மாத்திரைகள் ரத்த அழுத்தத்தைக் குறைக்கும், வெடுக்கென்று எழுந்தால் தலை சுற்றும். அடுத்த வாரம் தெருவில் பத்து நிமிஷ நடை. வெயிலுக்கு முன்னால், சாப்பிட்ட உடனே வேண்டாம். முடிக்கும்போதும் வேகத்தைப் படிப்படியாகக் குறைக்க வேண்டும். மூச்சைப் பிடித்து நெல் மூட்டை தூக்குவது, அடி பம்பு அடிப்பது கூடாது. சம்பா நடவுக்கு வரப்பில் நின்று மேற்பார்வை பார்ப்பதைப் பிறகு டாக்டரிடம் கேட்டுக்கொள்ளலாம்.

தினமும் காலையில் சிறுநீர் கழித்ததும் எடை பாருங்கள். மூன்று நாளில் இரண்டு கிலோ ஏறினாலோ, கால் வீங்கினாலோ, படுத்தால் மூச்சுத் திணறினாலோ பயிற்சியை நிறுத்திவிட்டு டாக்டரைக் கூப்பிடுங்கள். நெஞ்சுவலி, மயக்கம் என்றால் தாமதிக்காமல் 108. (வீட்டில் கருவாடும் வடகமும் இருந்தால் அவர் கண்ணில் படாமல் வையுங்கள். உப்பு உடம்பில் நீரைத் தேக்கும்.)

நடக்கும்போது பேச முடிய வேண்டும், பாட முடியக் கூடாது. அதுதான் சரியான வேகம். அம்மாவையும் கூடவே நடக்கச் சொல்லுங்கள். பேச்சு பாதியில் நின்றால் அவருக்குத்தான் முதலில் தெரியும்.