அலமாரி நிறைய பாட்டில், பானெட் நிறைய வெள்ளைப் புள்ளி: கார் பராமரிப்புக் கேள்வி பதில்

2019-ல் நம் மாவட்டத்தை வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர் என்று மூன்றாகப் பிரித்தார்கள். ஞாயிற்றுக்கிழமை காலையில் காரைக் கழுவிவிட்டு அதையே சுற்றிச் சுற்றி வந்து பார்க்கிற கிறுக்கை மட்டும் பிரிக்க முடியவில்லை. மூன்று பக்கமிருந்தும் கேள்விகள் வந்திருக்கின்றன. பாதிக்கு மேல் ஒரே புலம்பல்தான்: வாங்கி வாங்கிச் சேர்ந்துவிட்டது, இனி என்ன செய்வது?

சத்துவாச்சாரியிலிருந்து: அண்ணா, ஷாம்பு மட்டும் ஆறு வகை இருக்கிறது. மெழுகு நாலு, டயர் பாலிஷ் மூன்று, டேஷ்போர்டு ஸ்ப்ரே எத்தனை என்று எண்ணவே இல்லை. இருப்பது ஒரே ஒரு பழைய ஸ்விஃப்ட். எதை வைத்துக்கொள்வது, எதைத் தூக்குவது?

முதலில் எல்லாவற்றையும் எடுத்து வெளியே தரையில் பரப்புங்கள். அலமாரிக்குள் பின்வரிசையில் நிற்பது கண்ணில் படாமல்தான் அதையே மறுபடி வாங்குகிறோம். பரப்பியதும் கம்பெனி வாரியாகப் பிரிக்காதீர்கள், வேலை வாரியாகப் பிரியுங்கள். கழுவ, ஒட்டிய அழுக்கை எடுக்க, பாலிஷ் போட, மேல்பூச்சுக்கு, உள்ளே துடைக்க. ஒரு வேலைக்கு ஒன்று போதும். இரண்டாவதை வைத்துக்கொள்ள ஆசை வந்தால், முதலாவது செய்யாத எதை இது செய்கிறது என்று கேட்டுப் பாருங்கள். "வாசனை நல்லாயிருக்கு" என்பதைத் தவிர வேறு பதில் பெரும்பாலும் வராது.

ஷாம்பு கணக்கை மட்டும் சொல்கிறேன், மற்றது உங்களுக்கே புரியும். ஒரு பக்கெட் தண்ணீருக்கு 25 மில்லி என்று வைத்துக்கொள்வோம். 500 மில்லி பாட்டில் 20 தடவை வரும். இரண்டு வாரத்துக்கு ஒரு முறை கழுவினால் 40 வாரம். ஆறு பாட்டிலும் நிறைய இருந்தால் நாலரை வருஷத்துக்கு நீங்கள் ஷாம்பு கடைப் பக்கமே போக வேண்டாம். அதற்குள் ஸ்விஃப்டை மாற்றிவிடுவீர்கள்.

பாதி தீர்ந்த பாட்டிலை முன்னால் வையுங்கள், திறக்காததைப் பின்னால் வையுங்கள். திறக்காததை யாருக்காவது கொடுத்துவிட முடியும் என்பதும் ஞாபகம் இருக்கட்டும்.

ராணிப்பேட்டையிலிருந்து: எங்கள் போர் தண்ணீரில் கழுவினால் கறுப்புக் கார் முழுக்க வெள்ளைப் புள்ளி. இதற்காகவே விலை கூடின ஷாம்பு, குயிக் டீட்டெய்லர் என்கிற துடைப்பு ஸ்ப்ரே, புள்ளி நீக்கி, செராமிக் ஸ்ப்ரே எல்லாம் வாங்கிவிட்டேன். போகவில்லை. அடுத்து என்ன வாங்கலாம்?

ஒன்றும் வாங்க வேண்டாம் சார். உங்கள் பிரச்சினை பாட்டிலில் இல்லை, குழாயில் இருக்கிறது. நம் பக்கத்தில் கார் சாமான் குவிவதற்கு முக்கால்வாசிக் காரணம் இந்தத் தண்ணீர்தான் என்பது என் கட்சி. புள்ளி போகவில்லை என்று ஒன்று வாங்குவோம், அதுவும் போக்கவில்லை என்று இன்னொன்று.

பாலாற்றங்கரைத் தண்ணீரின் கதை உங்களுக்குத் தெரியாததல்ல. தோல் தொழிற்சாலைக் கழிவு நிலத்தடி நீரைக் கெடுத்த வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போய் 1996-ல் தீர்ப்பே வந்தது. அந்தப் பாதிப்பு இல்லாத தெருக்களிலும் போர் தண்ணீரில் கால்சியம், மெக்னீசியம் உப்பு சாதாரணமாகவே அதிகம். தண்ணீர் ஆவியாகும், உப்பு ஆவியாகாது. வெயிலில் சூடேறிய பானெட்டில் ஒரு சொட்டு காய்ந்தால் அதிலிருந்த உப்பு முழுக்க அந்த ஒரு வட்டத்தில் தங்கிவிடும். எந்த ஷாம்பு போட்டாலும் கடைசியில் அதே போர் தண்ணீரில்தானே அலசுகிறீர்கள்?

ஆகவே கடைசி அலசலுக்கு மட்டும் வேறு தண்ணீர் தேடுங்கள். மழைத் தண்ணீர் கிடைத்தால் அதைவிட நல்லது இல்லை. ஐப்பசியில் மாடிக் குழாய்க்குக் கீழே ஒரு டிரம் வைத்தால் கொஞ்ச நாளைக்கு வரும். முதல் மழையை விட்டுவிடுங்கள், மாடித் தூசி எல்லாம் அதில்தான் இறங்கும். மற்ற நாளில் ஏ.சி.யிலிருந்து சொட்டுகிற தண்ணீர். காற்றிலிருந்த ஈரம்தான் அது, உப்பு மிகக் குறைவு. ராத்திரி முழுக்க ஓடினால் பக்கெட்டில் கணிசமாகச் சேரும். மெல்லிய துணியில் வடிகட்டிக்கொள்ளுங்கள். (அதையே இன்வெர்ட்டர் பேட்டரிக்கு ஊற்றலாமா என்று சிலர் கேட்பார்கள். வேண்டாம், அதற்கு டிஸ்டில்டு வாட்டர்தான்.) காவிரிக் கூட்டுக் குடிநீர் வருகிற வீட்டில் அதைப் பயன்படுத்தலாம்தான், ஆனால் குடிக்கிற தண்ணீரைக் கார் மேல் ஊற்ற எனக்கு மனசு வராது.

ஒன்றை மட்டும் செய்யவே செய்யாதீர்கள். ஆர்.ஓ. மெஷின் வெளியே தள்ளுகிற தண்ணீரை வீணாக்கக் கூடாது என்று பலர் பிடித்துவைத்துக் கார் கழுவுகிறார்கள். நல்ல எண்ணம்தான். ஆனால் நீங்கள் குடிக்கிற தண்ணீரிலிருந்து பிரித்தெடுத்த உப்பு முழுக்க அதில்தான் போகிறது. போர் தண்ணீரைவிட மோசம். அதில் வீட்டைத் துடையுங்கள், பாத்ரூம் கழுவுங்கள், கார் பக்கம் கொண்டுபோக வேண்டாம்.

வீட்டில் தண்ணீருக்கு சாஃப்ட்னர் மெஷின் போட்டிருந்தாலும் புள்ளி விழத்தான் செய்யும். அது கால்சியத்தை எடுத்துக்கொண்டு சோடியத்தைக் கொடுக்கிறது, மொத்த உப்பு குறைவதில்லை. ஆனால் அந்தப் புள்ளி ஈரத் துணியில் சுலபமாகப் போய்விடும், கெட்டியாகப் பிடிக்காது.

இப்போது இருக்கிற புள்ளிக்கு: வினிகரும் தண்ணீரும் சமபங்கு கலந்து துணியை நனைத்து, நிழலில், வண்டி ஆறியிருக்கும்போது புள்ளி மேல் ஓரிரு நிமிஷம் போட்டு வையுங்கள். காய விடாமல் எடுத்து நன்றாக அலசுங்கள். நீங்கள் வாங்கிவைத்திருக்கிற புள்ளி நீக்கியும் பெரும்பாலும் ஏதோ ஒரு மெல்லிய அமிலம்தான், அதையும் தீர்த்துக்கொள்ளலாம். அப்படியும் வட்டம் தெரிந்தால் உப்பு பெயிண்டை அரித்துவிட்டது என்று அர்த்தம். அதற்கு பாலிஷ்தான் வழி. கழுவுவதை விடியற்காலையில் வைத்துக்கொள்ளுங்கள், கத்திரி வெயிலில் ஒன்பது மணிக்கே பானெட் தொட முடியாது. ஒரு பக்கம் கழுவி, அலசி, துடைத்துவிட்டுத்தான் அடுத்த பக்கம்.

காட்பாடி காந்தி நகரிலிருந்து ஒரு குடும்பத் தலைவி: எங்கள் வீட்டுக்காரர் கார் சாமான்களை மாடிப்படிக்கு அடியில் வைத்தார், அப்புறம் பாத்ரூம் அலமாரி, இப்போது கார் டிக்கியிலும் ஸ்ப்ரே டப்பாக்கள். பணம் போனது போகட்டும், வீட்டில் சின்னக் குழந்தை இருக்கிறது. ஆபத்து ஏதும் உண்டா?

உண்டு அக்கா. இந்தப் பதிலை அவரிடம் காட்டுங்கள்.

டிக்கியில் இருக்கிற ஸ்ப்ரே டப்பாக்களை இன்றைக்கே இறக்கச் சொல்லுங்கள். பெரும்பாலானவற்றில் சமையல் கேஸ் வகையைச் சேர்ந்த எரிவாயுவை அழுத்தி அடைத்திருப்பார்கள். 50 டிகிரிக்கு மேல் சூடாகக் கூடாது என்று டப்பாவிலேயே போட்டிருக்கும். நம் ஊர் மே மாதத்தில் வெயிலில் மூடி நிறுத்திய காருக்குள் அதைத் தாண்டுவது சாதாரணம். டப்பா வெடிக்கலாம்.

அடுத்தது பாத்ரூம். வீல் கிளீனரில் சில அமிலம் கலந்தவை. பக்கத்திலேயே பிளீச்சிங் பவுடர் இருக்கும். இரண்டும் கலந்தால் குளோரின் வாயு வரும், மூடின பாத்ரூமில் அது விளையாட்டல்ல. இரண்டும் ஒரே இடத்தில் இருக்கவே கூடாது.

மூன்றாவதுதான் எனக்குப் பெரிய பயம். ஐந்து லிட்டர் கேனாக வாங்கி, பழைய தண்ணீர் பாட்டிலிலோ கூல் டிரிங்க்ஸ் பாட்டிலிலோ ஊற்றி வைப்பது. பச்சையாக, சிவப்பாக, பழ வாசனையோடு இருப்பதைக் குழந்தை எடுத்துக் குடிக்காதா? அப்படி எது இருந்தாலும் உடனே எடுத்து, பெயர் எழுதி ஒட்டின ஸ்ப்ரே பாட்டிலுக்கு மாற்றி, உயரத்தில் பூட்டுகிற அலமாரியில் வைக்கச் சொல்லுங்கள் அவரிடம்.

குடியாத்தத்திலிருந்து: எங்கள் ஊரில் லுங்கிக்குப் பஞ்சமில்லை. பழைய லுங்கியில் துடைத்தால் போதாதா? மைக்ரோஃபைபர் துணி என்று எதற்குக் காசு கேட்கிறார்கள்?

நல்ல பருத்தி லுங்கி நாலு வருஷம் துவைத்துத் துவைத்து மெத்தென்று ஆகியிருந்தால் கதவு இடுக்கு, வீல், கண்ணாடி எல்லாவற்றுக்கும் தாராளமாகப் போதும். பெயிண்ட் மேல் மட்டும் வேண்டாம். மடித்துத் தைத்த ஓரமும், துணி பிடித்து வைத்துக்கொள்ளாத மண்ணும் கோடு போடும். மைக்ரோஃபைபரின் பிளந்த இழைகள் தூசியை உள்ளே இழுத்துக்கொள்ளும், அந்த வித்தியாசத்துக்குத்தான் காசு.

ஆனால் எந்தத் துணியாக இருந்தாலும் காய்ந்த தூசியோடு அப்படியே துடைத்தால் கோடு விழும். தினமும் காலையில் வாசலில் நின்று காய்ந்த துணியால் தட்டித் தட்டித் துடைக்கிறார்களே, தூரத்தில் பளபளக்கும், வெயிலில் கிட்டே போய்ப் பாருங்கள், சிலந்தி வலை மாதிரி மெல்லிய கோடுகள்தான்.

வாங்கியே தீர வேண்டும் என்று கை அரிக்கிறதா, பாட்டில் வாங்காமல் துணி வாங்குங்கள். கெட்டுப்போகாது. துடைக்க 300 ஜி.எஸ்.எம். (ஒரு சதுர மீட்டர் துணியின் எடை, கிராமில்) பக்கத்தில் நாலைந்து, ஈரம் உறிஞ்ச 500-க்கு மேல் ஒன்று. பருத்தித் துணியோடு சேர்த்துத் துவைத்தால் பஞ்சு ஒட்டும். வாசனைக்காகப் போடுகிற ஃபேப்ரிக் கண்டிஷனர் கூடவே கூடாது, இழையை அடைத்துவிடும். இஸ்திரியும் வேண்டாம். தரையில் விழுந்த துணி அன்றைக்கு வீலுக்குத்தான்.

ஆம்பூரிலிருந்து: லெதர் கண்டிஷனர் நாலு கம்பெனி வைத்திருக்கிறேன். எது நல்லது?

ஆம்பூர்க்காரர் என்னிடம் தோலைப் பற்றிக் கேட்கிறீர்களே! உங்கள் தெருவிலேயே ஃபினிஷிங் வேலை செய்கிறவர் இருப்பார். கார் சீட் தோலின் மேல் நிறமும் அதற்கு மேல் பாலியூரித்தேன் பூச்சும் இருக்கும். கண்டிஷனர் அதைத் தாண்டி உள்ளே போவது சொற்பம். அதுவும் நடுத்தர விலைக் கார்களில் "லெதர் சீட்" என்பது பெரும்பாலும் ரெக்சின் வகைதான், அதற்குக் கண்டிஷனரே தேவையில்லை. ஈரத் துணி, துளி மைல்டு சோப்பு, முடிந்தது. நாலு பாட்டிலையும் உங்கள் ஷூவுக்கும் பெல்ட்டுக்கும் போட்டுத் தீர்த்துவிடுங்கள்.

வாலாஜாவிலிருந்து: இதெல்லாம் எக்ஸ்பயரி ஆகுமா?

ஆகும், ஒவ்வொன்றும் ஒவ்வொரு மாதிரி. நிஜமான செராமிக் கோட்டிங் (பெயிண்ட் மேல் இறுகிப் படிகிற பூச்சு) பாட்டிலைத் திறந்துவிட்டால் காற்றிலிருக்கும் ஈரத்தோடு சேர்ந்து இறுக ஆரம்பித்துவிடும். போன வருஷம் பாதி போட்ட பாட்டில் இருந்தால் ஆசைப்படாதீர்கள், உள்ளே துகள் இருந்து பெயிண்டில் இறுகினால் பாலிஷ் போட்டுத்தான் எடுக்க வேண்டும். ஷாம்பு பிரிந்திருந்தால் குலுக்குங்கள். சேர்ந்தால் சரி, கெட்ட வாடை வந்தால் கொட்டுங்கள். டப்பா மெழுகு காய்ந்து வெடித்திருந்தாலும் விஷம் ஆகிவிடாது, தேய்ப்பதுதான் கஷ்டம். க்ளே பார் (பெயிண்டில் ஒட்டிய அழுக்கைத் தேய்த்து எடுக்கிற களிமண் மாதிரிக் கட்டி) ஒரு தடவை மண்ணில் விழுந்தால் அதோடு சரி. அயர்ன் ரிமூவர் (ஒட்டிய இரும்புத் தூளைக் கரைக்கிறது) நாறுகிறது என்று கெட்டுப்போனதாக நினைத்துத் தூக்கிப்போடாதீர்கள், அது புதுசிலேயே அப்படித்தான் நாறும்.

காட்பாடியிலிருந்து ஒரு கல்லூரி மாணவர்: செகண்ட் ஹேண்ட் ஆல்ட்டோ வாங்கியிருக்கிறேன் சார். கையில் இரண்டாயிரம் ரூபாய். கிட் ஒன்று பார்த்தேன், 14 பொருள், காம்பவுண்டும் (கீறலைத் தேய்த்து எடுக்கிற பசை) இருக்கிறது. வாங்கலாமா?

வேண்டாம் தம்பி. அந்தப் பதினாலில் நாலைத்தான் தொடுவீர்கள். வேலூர் லாங் பஜாரில் இரண்டு பக்கெட் வாங்குங்கள், ஒன்று ஷாம்புக்கு, ஒன்று கையுறையை அலச. கழுவுகிற கையுறை ஒன்று, சின்ன ஷாம்பு ஒன்று, நாலைந்து துணி, மேல்பூச்சுக்கு ஒரு ஸ்ப்ரே சீலண்ட். மீதியில் பெட்ரோல் போடுங்கள்.

காம்பவுண்டை இப்போதைக்குத் தொடாதீர்கள். பெயிண்டுக்கு மேலிருக்கும் கிளியர் கோட் சுமார் 40 மைக்ரான்தான், தலைமுடியின் தடிமனைவிடக் குறைவு. காம்பவுண்டு தேய்க்கிற ஒவ்வொரு தடவையும் அதில்தான் கொஞ்சம் போகிறது. பழைய வண்டியில் முன்னால் வைத்திருந்தவர் எத்தனை தடவை தேய்த்தாரோ!

ஆற்காட்டிலிருந்து: வாட்டர் வாஷ் கடையில் அடியில் டீசல் அடிக்கிறார்கள். நானும் வாங்கி அடிக்கலாமா?

கூடாது. ரப்பர் புஷ் எல்லாம் ஊறிக் கெடும், தூசியும் பசை போல் ஒட்டும்.

பாகாயத்திலிருந்து: அதிகமாக இருப்பதை என்ன செய்வது? சாக்கடையில் ஊற்ற மனசு வரவில்லை.

வராததே நல்லது. திறக்காததை வாங்கின விலையில் பாதிக்குச் சொன்னால் போய்விடும். திறந்ததை விற்காதீர்கள், கொடுங்கள். தெருவில் கார் துடைக்கிற பையன், ஆக்டிங் டிரைவர், அபார்ட்மெண்ட் பக்கத்து வீடு. டேஷ்போர்டு ஸ்ப்ரே, ஷாம்பு இவற்றுக்கு ஆள் உடனே கிடைக்கும். பாதி செராமிக்கை யாருக்கும் கொடுக்காதீர்கள், திட்டு உங்களுக்குத்தான் வரும். அமில வகை வீல் கிளீனரை அனுபவம் உள்ளவருக்கு மட்டும். கேனிலிருந்து சின்ன பாட்டிலில் ஊற்றிக் கொடுத்தால் பெயரையும், ஒரு பக்கெட்டுக்கு எத்தனை மூடி என்பதையும் தமிழில் எழுதி ஒட்டிவிடுங்கள்.