நின்று வாசிக்கும்போது எலெக்ட்ரிக் கிட்டாரின் கழுத்து கீழே சாய்கிறது, என்ன செய்யலாம்?

உட்கார்ந்து வாசித்தால் ஒரு கரைச்சலும் இல்லை, மேடையில் எழுந்து நின்றதும் எஸ்ஜி கிட்டாரின் தலை தரையைப் பார்க்கிறது, தாங்கித் தாங்கி இடது மணிக்கட்டு நோகிறது என்று கேட்டிருக்கிறீர்கள். போகப் போகப் பழகிவிடும் என்று சொல்பவர்களை நம்ப வேண்டாம். கழுத்தைத் தாங்குகிற கை கோர்ட் மாற்றப் பிந்தித்தான் வரும். வெள்ளவத்தைப் பக்கம் ஒரு கலியாண வீட்டில் பைலா தொடங்கி அரை மணித்தியாலம் நிற்காமல் போனால் அது நன்றாகவே விளங்கும்.

என்னிடம் இருப்பதும் எஸ்ஜி வடிவம்தான், அதனால் உங்கள் அவஸ்தை தெரியும். 1961இல் அமெரிக்கக் கிட்டார் நிறுவனமான கிப்சன் கொண்டுவந்த வடிவம் இது. உடல் மெல்லிய மஹோகனி. அதே நிறுவனத்தின் லெஸ் போல் கிட்டாரைப் போலத் தடிப்பும் கிடையாது, பாரமும் கிடையாது. தோள் பட்டியை, அதாவது ஸ்ட்ராப்பை, மாட்டுகிற முன் பட்டனோ உடலின் பின்புறத்தில், கழுத்து உடலோடு சேருகிற அடியில் இருக்கிறது. அங்கிருந்து நட் வரைக்குமே, அதாவது கழுத்தின் நுனியில் கம்பிகள் படிகிற கட்டை வரைக்குமே, சுமார் 45 சென்டிமீட்டர். அதற்கும் அப்பால் கம்பிகளை முறுக்குகிற ஆறு டியூனர்கள். கிணற்றில் தண்ணீர் இறைக்கிற யாழ்ப்பாணத்துத் துலாவைப் பார்த்திருந்தால் மிச்சத்தைச் சொல்லத் தேவையில்லை: நீண்ட பக்கத்து நுனியில் கொஞ்சம் பாரம் ஏறினாலே மறுபக்கம் எழும்பிவிடும். 1954இல் வந்த ஸ்ட்ராட்டோகாஸ்டர் கிட்டாரில் மேல் கொம்பு, அதாவது கழுத்துக்கு மேலே நீட்டிக்கொண்டிருக்கிற உடல் பகுதி, கிட்டத்தட்ட 12ஆம் ஃப்ரெட் (கழுத்தின் குறுக்குக் கம்பி) வரை நீண்டிருக்கும், பட்டன் அந்த நுனியில். பாரம் இரண்டு பட்டன்களுக்கும் நடுவில் விழுவதால் கையை விட்டாலும் அது சாயாது.

முதலில் ஸ்ட்ராப்பை மாற்றுங்கள். கிட்டாரோடு சும்மா கிடைக்கிற நைலோன் பட்டி சேட்டின் மேல் வழுக்கும். கழுத்து இழுக்க இழுக்க ஸ்ட்ராப் தோளில் நகர்ந்துகொண்டே போகும். பளபளப்பான மேடைச் சேட்டு என்றால் கேட்கவே வேண்டாம். மூன்று அங்குலமாவது அகலமான தோல் பட்டி, உட்பக்கம் மெருகேற்றாமல் சொரசொரவென்று இருக்க வேண்டும். கடையில் விலை கூடுதலாகத் தெரிந்தால் பை தைத்துத் திருத்துகிற ஒருவரிடம் சொல்லித் தைப்பிக்கலாம். ஆனால் சாயம் போட்ட மலிவுத் தோல் வேண்டாம். கொழும்பு வேர்வையில் ஒரே இரவில் வெள்ளைச் சேட்டு மண்ணிறமாகிவிடும். லாச்சிக்குள் விரிக்கிற ரப்பர் வலைத்துணியை நைலோன் பட்டியின் அடியில் தைத்தாலும் நன்றாகப் பிடிக்கும். வாசித்து முடிந்ததும் அந்தப் பட்டியைக் கிட்டாரின் மேல் சுற்றி வைக்காதீர்கள். சில கிட்டார்களில் இருக்கிற நைட்ரோசெல்லுலோஸ் என்கிற மெருகுப் பூச்சை ரப்பர் கெடுக்கும்.

பாதிப் பேருக்கு இதுவே போதும். போதாவிட்டால் முன் பட்டனை மேல் கொம்பின் பின்புறத்துக்கு மாற்றலாம். சில சென்டிமீட்டர்தான் முன்னால் போகும், ஆனாலும் வித்தியாசம் தோளில் தெரியும். துளைப்பதற்கு முன் புதிய இடத்தில் கையால் பிடித்துத் தூக்கிப் பார்த்து, எவ்வளவு சாய்கிறது என்று பாருங்கள். பிறகு அந்த இடத்தில் டேப் ஒட்டி, ஸ்க்ரூவைவிட மெல்லிய துளை போட்டு, மறையில் கொஞ்சம் சவர்க்காரம் தடவி முறுக்க வேண்டும். டேப் இல்லாமல் துளைத்தால் பூச்சு சில்லுச் சில்லாகப் பெயரும். கொம்பு மெல்லியது, ஸ்க்ரூ மறுபக்கம் எட்டிப் பார்க்காத நீளமா என்று அளந்துகொள்ளுங்கள். பழைய துளையைப் பல்லுக்குத்தியும் மரப்பசையும் வைத்து அடைத்துவிடலாம். கைநடுக்கம் என்றால் தெரிந்த தச்சு பாஸ் ஒருவரிடம் கொடுங்கள், பக்கத்திலேயே நின்று பார்த்துக்கொள்ளுங்கள். அசல் பழைய கிப்சன் என்றால் துளைக்கவே வேண்டாம், விலை விழுந்துவிடும்.

டியூனர் மாற்றுவது மூன்றாவது வழி. கம்பியைப் பூட்டிப் பிடிக்கிற லொக்கிங் டியூனர் போட்டிருந்தால் அதைக் கழற்றி, பின்மூடி இல்லாத இலேசானதைப் போடுங்கள். நுனியில் குறைகிற ஒவ்வொரு கிராமும் பேசும். வால் பக்கம் ஈயம் கட்டுகிறவர்களும் உண்டு. இலேசான கிட்டாரை வாங்கிவிட்டு அதில் ஈயம் கட்டுவானேன்?

அப்புறம், ஸ்ட்ராப்பின் நீளம். முழங்காலில் தொங்கவிட்டு வாசிப்பது படத்துக்கு அழகுதான். இரண்டு துளை ஏற்றிக் கட்டினால் வலது முன்கை உடலின் மேல் நன்றாகப் படியும், அந்தப் பாரம் தலைப்பக்கத்தைத் தூக்கிக் கொடுக்கும். உட்கார்ந்து வாசிக்கும்போது கிட்டார் இருக்கிற அதே உயரத்தில் ஸ்ட்ராப்பைக் கட்டிக்கொண்டு எழுந்து பாருங்கள். இதற்கு ஒரு ரூபாயும் செலவில்லை, தோல் பட்டி தைத்து வரும்வரை இதை வைத்தே சமாளிக்கலாம்.