பால் பவுடரில் கொதிநீர் ஊற்றினால் நஞ்சாகுமா?

கேள்வி: தண்டையார்பேட்டையில் இருக்கிறோம். தாய்ப்பால் போதாததால், மருத்துவர் சொன்னபடி நான்கு மாதக் குழந்தைக்குப் பால் பவுடரும் கொடுக்கிறோம். சூடுபட்டால் அதில் புற்றுநோய் உண்டாக்கும் ரசாயனங்கள் உருவாகும் என்று வாட்ஸ்அப்பில் படித்ததிலிருந்து, வெதுவெதுப்பான கேன் தண்ணீரில்தான் கலக்கிறேன். என் மாமியாரோ கலந்த பாலை மறுபடியும் அடுப்பில் காய்ச்சுகிறார். எது சரி?

பதில்: இரண்டையுமே நிறுத்திவிடுங்கள். உங்கள் அச்சம் ஆதாரமற்றதன்று. ஆனால் அந்த ரசாயனங்களில் முக்கியமானவை உருவாகும் இடம் உங்கள் அடுப்பங்கரை அன்று, எண்ணெய் ஆலை.

பவுடரில் சேர்க்கப்படும் பாமாயில் போன்ற எண்ணெய்களைச் சுத்திகரிக்கையில், வாடையைப் போக்குவதற்காக 200 டிகிரி செல்சியஸுக்கும் மேல் சூடாக்குகிறார்கள். அந்த வெப்பத்தில் கிளைசிடைல் எஸ்டர், 3-எம்சிபிடி எஸ்டர் என்னும் பொருள்கள் உண்டாகின்றன. முதலாவது குடலில் பிரிந்து, மரபணுவைச் சேதப்படுத்தக்கூடிய கிளைசிடாலாக மாறுகிறது. இரண்டாவதிலிருந்து வெளிப்படும் 3-எம்சிபிடி, விலங்கு ஆய்வுகளில் சிறுநீரகத்தைப் பாதித்தது. பச்சிளம் குழந்தை தன் எடைக்கு நம்மைவிட மிக அதிகமாக, அதுவும் ஒரே உணவை, நாள்தோறும் உட்கொள்கிறது என்பதால்தான் ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2016-இல் கவலை தெரிவித்தது. அதன்பின் ஐரோப்பிய ஒன்றியம், பவுடரில் கிளைசிடைல் எஸ்டருக்குக் கிலோவுக்கு 50 மைக்ரோகிராம் என்று வரம்பு விதித்தது. இதைக் குறைக்க வேண்டியவர்கள் உற்பத்தியாளர்கள். குறைக்க வைக்க வேண்டியது அரசு. அந்தச் சுமையை ஒரு தாய் தன் தலையில் ஏற்றிக்கொள்ளக் கூடாது. பயந்துபோய்ப் பசும்பாலில் தண்ணீர் கலந்து கொடுப்பது இதைவிடக் கெடுதல்.

வெதுவெதுப்பான நீர்தான் எனக்குக் கவலை தருகிறது. பால் பவுடர் கிருமி நீக்கப்பட்ட பொருள் அன்று. அதில் அரிதாக இருக்கும் குரோனோபாக்டர் என்னும் பாக்டீரியா, குறிப்பாக இரண்டு மாதத்துக்கு உட்பட்ட குழந்தைகளுக்கும் குறைமாதக் குழந்தைகளுக்கும் உயிரைப் பறிக்கும் மூளை உறைக் காய்ச்சலை உண்டாக்கக்கூடியது. ஆகவே, 70 டிகிரிக்குக் குறையாத நீரில் கலக்க வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். கேன் தண்ணீரோ மெட்ரோ வாட்டரோ, ஒரு லிட்டரைத் தளதளவெனக் கொதிக்கவிட்டு, மூடிவைத்து, அரை மணி நேரத்துக்குள் பவுடரைக் கலந்துவிடுங்கள். ஒரு டம்ளர் மட்டும் கொதிக்கவைத்தால் விரைவில் ஆறிவிடும். கலந்த புட்டியைக் குளிர்ந்த நீரில் வைத்து ஆற்றி, மணிக்கட்டில் ஒரு சொட்டு விட்டுப் பார்த்துக் கொடுங்கள். இந்தச் சூட்டில் அந்த எஸ்டர்கள் உருவாகா.

உங்கள் மாமியாரின் அக்கறை புரிகிறது. ஆயினும் கலந்த பாலைக் காய்ச்சினால் வைட்டமின் சி குறையும். பாலின் சர்க்கரையும் புரதமும் வினைபுரியத் தொடங்கும். பால்கோவாவுக்குப் பழுப்பு நிறம் தருவதும் இதே வினைதான். குழந்தைக்கு வேண்டிய லைசின் என்னும் அமினோ அமிலம் அதில் வீணாகிறது. தவிர, வைத்திருந்த பாலில் பெருகிய கிருமியை அரைகுறைச் சூடு அழிக்காது. குடித்து மீந்ததைக் கொட்டிவிடுங்கள். கலந்து இரண்டு மணி நேரம் வெளியில் இருந்ததையும் அப்படியே. ஒரு டப்பாவின் விலை எனக்குத் தெரியும். அதனால், குழந்தை குடிக்கும் அளவை மட்டும் அவ்வப்போது கலந்துகொள்ளச் சொல்கிறேன்.

இருக்கும் தாய்ப்பாலை விட்டுவிடாதீர்கள். ராயபுரம் ஆர்.எஸ்.ஆர்.எம். அரசு மகப்பேறு மருத்துவமனை உங்களுக்கு அருகில்தான். பால் சுரப்பைக் கூட்ட வழியுண்டா என்று அங்கே ஒருமுறை நேரில் கேளுங்கள்.